கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும்! - ஆம்பூர் நோன்புக் கஞ்சியின் கதை

ஆம்பூர் என்றவுடன் பெரும்பாலானோருக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று பிரியாணி, இன்னொன்று தோல் செருப்பு. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பிரியாணிக்காகவே வண்டியை நிறுத்துகிறவர்கள் நிறைய பேர். ஆனால் இதே ஊரில் வருடத்தில் ஒரு மாதம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தெருவெல்லாம் மணக்கும் வேறொரு பண்டம் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. தூக்குவாளியோடு போய் வரிசையில் நின்றால் போதும். அதுதான் நோன்புக் கஞ்சி.

வேலூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் ஊர்கள் எல்லாவற்றிலும் இந்தக் கஞ்சி உண்டு. (2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன.) உருது பேசும் வீடானாலும் தமிழ் பேசும் வீடானாலும் இதன் பெயர் கஞ்சிதான்.

சாதாரணக் கஞ்சிக்கு ஒரு வரலாறா என்று கேட்கலாம். இருக்கிறது. அந்த வரலாறு முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. கஞ்சி எவ்வளவு கெட்டி? அதை முடிவு செய்வது யார்?

கொப்பரையிலிருந்து வந்த பெயர்

முதலில் கொஞ்சம் வெளியூர்க் கதை. அமெரிக்காவில் சௌடர் என்று ஒரு சூப் உண்டு. பால், உருளைக்கிழங்கு, காய்கறி, சில சமயம் மீன் எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுவது. அந்தப் பெயர், கொப்பரையைக் குறிக்கும் 'ஷோதியேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகப் பலரும் கருதுகிறார்கள். அதாவது பண்டத்துக்குப் பாத்திரத்தின் பெயர்! 1751இல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. அதில் பாலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. வெங்காயம், பன்றிக்கொழுப்பு, மீன் ஆகியவற்றை அடுக்கி, நடுநடுவே கப்பல் பிஸ்கட்டைப் போட்டு வேகவைத்தார்கள். பிஸ்கட் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியது. கப்பலில் இருந்த காய்ந்த ரொட்டியும் கிடைத்த மீனும் ஒரே கொப்பரையில் சேர்ந்து பல பேருக்குச் சாப்பாடானது. பால் சேர்க்கும் பழக்கமெல்லாம் பிறகு வந்தது.

நம்மூரில் கப்பல் பிஸ்கட் செய்த வேலையை அரிசி நொய் செய்கிறது. பசும்பால் இருக்கும் இடத்தில் தேங்காய்ப் பால். மற்றபடி இரண்டும் ஒரே யோசனைதான். பெரிய பாத்திரம், நிறைய தண்ணீர், கொஞ்சம் தானியம், நிறைய பேர்.

கஞ்சி என்ற சொல்லும் கடல் தாண்டியிருக்கிறது. கார்சியா தா ஓர்ட்டா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில், வாந்தி பேதி நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசித் தண்ணீர் கொடுப்பதைச் சொல்லி, அதன் பெயரையும் எழுதிவைத்தார். கஞ்சிதான் அது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'காஞ்சி' என்று இன்று உலகமெங்கும், சீன உணவகங்களில்கூட, சொல்லப்படும் பெயருக்கு மூலம் திராவிட மொழிகளின் கஞ்சிதான்!

பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டி

கஞ்சிக்கு நல்ல பெயர் மட்டுமே இருந்ததில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. அன்றைய வட ஆற்காடு மாவட்டமும், அதாவது இன்றைய வேலூர், ஆம்பூர் பகுதிகளும் அதில் சிக்கின. பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடங்களுக்குக் கஞ்சித் தொட்டி என்று பெயர். அந்தச் சொல் இன்றும் தமிழில் வறுமையின் அடையாளமாகவே நிற்கிறது.

அப்போது கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்க வேண்டும் என்று 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்பவர்களின் கூலியை வெட்டினார். நாள் முழுவதும் கல் உடைக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும்தான். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்பது அவர் வாதம். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் முகாம்களில் போன உயிர்கள் ஏராளம். ஒரு மனிதனுக்கு எவ்வளவு தானியம் என்பதைத் தூரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கூலி ஒரு பாடம்.

இன்னொரு கசப்பான விஷயம். பஞ்சத்தில் மனிதர்களுக்கு முன்னால் மாடுகள் செத்தன. தீவனம் இல்லை, தண்ணீர் இல்லை. அந்த வருடங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோலுக்கு லண்டன் சந்தையில் நல்ல கிராக்கி. இந்தப் பகுதியின் பிழைப்பாகப் பின்னாளில் நிலைத்த தோல் வியாபாரத்தின் கணக்கில், கஞ்சித் தொட்டி வைத்த அதே வருடங்கள் லாபமான வருடங்கள்.

பள்ளிவாசல் அண்டா

தோல் தொழில் வளர்ந்த ஊர்களில் முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் வளர்ந்தன. சம்பாதித்த பணம் பள்ளிவாசல், மதரஸா, பள்ளிக்கூடம், கல்லூரி என்று ஊருக்குள்ளேயே இறங்கியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. ரமலான் மாதத்துக் கஞ்சியும் இப்படிப்பட்ட ஊர்ச் செலவுதான். இன்னின்ன நாள் கஞ்சி இன்னார் வீட்டுச் செலவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

மதியத் தொழுகை முடிவதற்குள் பள்ளிவாசலின் பின்பக்கம் விறகு அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பெரிய அண்டாவில் எண்ணெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, புதினா, மல்லி எல்லாம் வதங்கும். தண்ணீர் கொதித்ததும் பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் விழும். வசதிப்பட்ட நாளில் கொத்துக்கறி, இல்லாத நாளில் கேரட், பீன்ஸ், பட்டாணி. படகுத் துடுப்பு மாதிரி நீளமான மரக்கட்டையால் ஒருவர் மாற்றி ஒருவர் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடி பிடிக்கும். அடி பிடித்தால் ஒரு தெருவுக்கே தீய்ந்த கஞ்சிதான்!

அஸர் தொழுகைக்குப் பிறகு விநியோகம். தோல் மண்டி முதலாளி வீட்டுப் பாத்திரமும், ஷாப்பில் தோல் தேய்க்கும் கூலித் தொழிலாளியின் தூக்குவாளியும் ஒரே வரிசையில்தான். பக்கத்துத் தெரு இந்துக் குழந்தைகளும் சொம்போடு வந்து நிற்பார்கள். யாருக்கும் தனி அண்டா கிடையாது. மேலே தெளிவாக மிதப்பது ஒருவருக்கும் அடியில் கெட்டியாக இருப்பது இன்னொருவருக்கும் போய்விடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் அடிவரை கலக்கி மொள்ளுகிறார்கள்.

கடல் கடந்த தமிழர்களும் இதை விடவில்லை. சிங்கப்பூரில் 1826இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய சூலியா பள்ளிவாசலில் ரமலான் மாலைகளில் இதே கஞ்சி வழங்கப்படுகிறது.

அரசு அரிசியும் மூடிய கதவும்

2001இல் முதலமைச்சர் ஜெயலலிதா, நோன்புக் கஞ்சி காய்ச்சப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு வந்த ஆட்சிகளும் அதைத் தொடர்ந்தன. 1877இல் தானியத்தை வெட்டியதும் ஓர் அரசு, இங்கே தானியம் கொடுத்ததும் ஓர் அரசு. இந்த முறை அண்டாவும் துடுப்பும் ஊர்க்காரர்கள் கையில் இருந்தன.

2020இல் யாரும் எதிர்பாராத சோதனை வந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் 25 அன்று தமிழகத்தில் முதல் நோன்பு. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, கூட்டம் கூடக் கூடாது, வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வருடம் அரசு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கியது. ஆனால் அங்கே கஞ்சி காய்ச்சக் கூடாது. அரிசியைச் சிறு பைகளாகப் பிரித்துத் தன்னார்வலர்கள் மூலம் வீடு வீடாகக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

ஊர் அண்டா அந்த மாதம் ஒவ்வொரு வீட்டுக் குக்கராகப் பிரிந்தது. முப்பது நாளும் பள்ளிவாசல் கஞ்சியிலேயே நோன்பு திறந்து பழகிய குடும்பங்களில், "எத்தனை கப் தண்ணீர்?" என்ற கேள்வி புதிதாக எழுந்தது. அண்டாக் கணக்கை ஆழாக்குக் கணக்காக மாற்ற வேண்டியிருந்தது.

வீட்டுக் கணக்கு

ஐந்தாறு பேருக்கான காய்கறிக் கஞ்சிக்கு அந்தக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். பச்சரிசி நொய் ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன், பூண்டு எட்டுப் பல், பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி இரண்டு, பச்சை மிளகாய் மூன்று, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பட்டாணி சேர்ந்து ஒரு கப், புதினாவும் மல்லியும் ஒரு கைப்பிடி, கெட்டித் தேங்காய்ப் பால் ஒரு கப், தண்ணீர் எட்டு கப். பட்டை கிராம்பு தாளித்து, வெங்காயம் முதல் காய் வரை வதக்கி, தண்ணீர், நொய், பருப்பு, வெந்தயம், உப்பு சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில். ஆவி அடங்கியதும் திறந்து கரண்டியால் நன்றாக மசித்துக் கலக்க வேண்டும். கடைசியில் சிறு தீயில் தேங்காய்ப் பால். அதற்குப் பிறகு தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரிந்துபோகும்.

கெட்டியாவது எப்படி? அரிசி மாவுச்சத்தின் நுண்ணிய மணிகள் சூட்டில் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன. முழு அரிசியை விட உடைந்த நொய்யில் மாவு சீக்கிரம் வெளியே வரும். வெந்தயத்தின் வழவழப்பும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஆறினால் கஞ்சி இன்னும் இறுகும் என்பதால், இறக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருப்பதே சரி. ஏப்ரல், மே மாதத்து வேலூர் வெயிலில் ஏறத்தாழ 14 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்புக்கு நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒன்றாகப் போய்ச் சேருகின்றன. ஓர்ட்டா கண்ட கஞ்சி, நோயாளிக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

எட்டு கப் தண்ணீர்

இந்தப் பட்டியலில் மலிவாகத் தோன்றுவது தண்ணீர். இந்த ஊர்களில் அது அத்தனை சுலபமில்லை. தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததால் வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே கரண்டிக் கஞ்சி. ஆனால் லாபமும் கழிவும் அப்படிச் சமமாகப் பங்கிடப்படவில்லை. கிணறு கெட்டவன் குடம் தூக்கி அலைந்தான், வசதியுள்ளவன் தண்ணீரை விலைக்கு வாங்கினான். ஒரு மாதத்துக் கஞ்சி இதையெல்லாம் சரி செய்துவிடாது. சரி செய்துவிடும் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஆனாலும் ஊரடங்கு முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே செய்யத் தெரிந்துவிட்டது, குக்கரில் அரை மணி நேர வேலைதான். அப்படியும் கதவு திறந்ததும் அண்டாக்கள் அடுப்பேறின, தூக்குவாளிகள் வரிசைக்குத் திரும்பின. செய்முறையை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. யார் வந்தாலும் அடிவரை கலக்கி ஒரே அளவு ஊற்றும் அந்தக் கரண்டி பள்ளிவாசலில்தான் இருக்கிறது.