முப்போட்டியும் துறைமுகத் தொழிலாளியும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதன் ஆழத்தைப் பற்றியும், மலை சூழ்ந்த குடாக்களைப் பற்றியும், அதற்காகத் தம்முள் அடித்துக்கொண்ட வல்லரசுகளைப் பற்றியும் நூல்கள் பேசுகின்றன. 1639-ல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பறித்தனர். 1782-ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆங்கிலேயர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிற்று. 1795-ல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தனர். இவையெல்லாம் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்கி நின்ற உடல்களின் வரலாறு என்று ஒன்று உண்டு. அதனை எழுத முன்வந்தோர் மிகச் சிலரே.

இன்று அவ்வரலாற்றை நினைக்கத் தூண்டுவது ஒரு விளையாட்டு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒருவரே செய்து முடிக்கும் டிரையத்லன் என்னும் முப்போட்டி அது. உடலை நலமாக வைத்திருக்க விரும்பும் நடுத்தர வர்க்கத்தார் உலகெங்கும் அதற்கெனப் பயிற்சி செய்கின்றனர். 2018 பெப்ரவரியில் அதன் நெடுந்தூர வகையொன்று கொழும்பிலும் நடந்தது. கடலில் 1.9 கிலோமீற்றர், துவிச்சக்கரவண்டியில் 90 கிலோமீற்றர், பின்னர் ஓட்டத்தில் 21.1 கிலோமீற்றர் என்பது அதன் கணக்கு. முழுப் போட்டி இதைப் போல் இரு மடங்கு. கேட்பவர் மலைப்பர். ஆயினும் இம்மூன்று வித்தைகளும் திருகோணமலைக்குப் புதியனவா?

தம்பலகாமக் குடாவில் கண்ணாடிச் சிப்பி என்னும் தட்டைச் சிப்பி விளைந்தது. அதன் சிறு முத்துக்காக மூழ்குவோர் சேற்று நீரில் இறங்கினர். திருகோணமலையில் பணிபுரிந்த மருத்துவரும் உயிரியல் ஆய்வாளருமான கெலார்ட், 1850-களின் பிற்பகுதியில் அச்சிப்பியை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். சிப்பியின் உடலமைப்பு ஆய்வுக்குரியதாயிற்று. சிப்பியை எடுத்தவன் உடலோ கூலிக் கணக்குக்குரியதாகவே நின்றது. கொட்டியாரக்குடாவில் தோணி வலித்தவர்களும், கரைவலையைத் தோளால் இழுத்தவர்களும் அவ்வாறே. சைக்கிள் வந்த பின்னர் அது மீன்பெட்டி சுமந்தது, விறகு சுமந்தது, கடற்படைத் தளத்துத் தொழிலாளியை வேலைவாசலுக்குக் கொண்டு சென்றது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று படகுப் பாதைகளில் ஏறி இறங்கி மூதூர்க்குப் போன தலைமுறையினர், நீரும் சக்கரமும் நடையும் மாறிமாறி வரும் பயணத்தை யாரும் பதக்கம் தராமலேயே செய்து முடித்தவர்கள். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகே அப்பயணம் சுருங்கத் தொடங்கிற்று.

உழைப்பாக இருந்தது எப்போது விளையாட்டாகிறது? எவருக்கு ஆகிறது? இதுவே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முப்போட்டியின் பிறப்பு இதற்கு ஓரளவு விடை தருகிறது. 1974 செப்டெம்பர் 25-ஆம் நாள், அமெரிக்காவின் சன் டியேகோ நகரில், ஓர் ஓட்டக் கழகத்தார் முதன்முதலில் இப்பெயருடன் போட்டி நடத்தினர். அன்று புதன்கிழமை, வேலைநாள். வேலை முடிந்த மாலையில் 46 பேர் கூடினர். கடைசியில் வந்தோருக்குப் பொழுது சாய்ந்துவிட்டமையால் மோட்டார் வண்டிகளின் விளக்கொளி பாய்ச்சப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் நடத்திய நெடும் போராட்டம் இல்லையேல் அந்த மாலை நேரம் ஏது?

அன்று போட்டியிட்டவர்களுள் ஒருவர் ஜோன் கொலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி. பின்னர் ஹவாயின் ஓவாஹுத் தீவில் பணியாற்றுகையில், நீச்சல்காரன், சைக்கிள்காரன், ஓட்டக்காரன் மூவருள் உடல்வலி மிக்கவன் யார் என்ற விவாதத்தைத் தீர்ப்பதற்கு அவர் ஒரு வழி சொன்னார். அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடும் போட்டிகளையும் ஒன்றாக இணைத்துவிடுவதே அவ்வழி. 1978 பெப்ரவரி 18-ஆம் நாள் 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர். முதல்வராக வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 செக்கன் பிடித்தது. இரண்டாவதாக வந்தவருக்கு உதவியாளரிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பியர் கொடுத்தார்கள் என்று ஒரு கதை. மறு ஆண்டே லின் லெமேர் என்ற பெண்ணும் அத்தூரம் முழுவதையும் கடந்து காட்டினார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 1.5, 40, 10 கிலோமீற்றர் என்ற அளவில் இப்போட்டி இடம்பெற்றது.

ஓவாஹுத் தீவைத் திருகோணமலை முன்பே ஒருமுறை சந்தித்திருக்கிறது. 1941 டிசெம்பரில் அத்தீவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவின் அதே விமானந்தாங்கிக் கப்பற்படைதான் 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் திருகோணமலைமீது குண்டு பொழிந்தது. இரண்டும் பேரரசுகளின் கடற்படைத் துறைமுகங்கள். இரண்டிலும் நல்ல கரை, நல்ல வீதி, நல்ல தண்ணீர் யாவும் முதலில் படையினருக்கே. ஓவாஹுவில் அவ்வசதி ஓரளவு ஊர் மக்களுக்கும் பரவியது. இங்கோ, 1957 ஒக்ரோபரில் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்தபோது கொடி மாறியது, வேலி மாறவில்லை. தளத்தை நம்பிப் பிழைத்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அம்மாற்றம் வேலைப் பிரச்சினையாகவே வந்து சேர்ந்தது.

பொழுதுபோக்கு விளையாட்டாளன் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே ஒரு வர்க்க வரலாறு ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஹென்லிப் படகுப் போட்டிக்காரர் 1879-ல் 'அமெச்சூர்' என்பதற்கு விதி வகுத்தபோது, கூலிக்கு உடலுழைப்புச் செய்யும் கைவினைஞன், இயந்திரத் தொழிலாளி, கூலியாள் எவனும் அச்சொல்லுக்குள் அடங்கான் என்று எழுதிவைத்தனர். பரிசுப் பணம் வாங்கினானா என்பது மட்டுமல்ல கேள்வி; கையால் உழைத்தானா என்பதும்தான்! உழைத்து உரமேறிய உடல் கனவான்களை வென்றுவிடும் என்ற அச்சமும், அவனோடு ஒரே கரையில் நிற்கும் கூச்சமும் அவ்விதியில் கலந்திருந்தன. 1920-ல் அமெரிக்கச் செங்கல் தொழிலாளி ஜோன் கெலி ஹென்லியில் நுழைய மறுக்கப்பட்டார். சொல்லப்பட்ட காரணங்களில் அவருடைய உடலுழைப்பும் ஒன்று. அதே ஆண்டில் அவர் அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். விதி நீங்கியதோ 1937-ல்தான். இடையில் ஐரோப்பியத் தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. ஜேர்மனியில் 1896-லேயே அவர்கள் தமக்கெனச் சைக்கிள் சங்கம் கண்டனர். 1925-ல் பிராங்க்பேர்ட்டிலும் 1931-ல் வியன்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பிக் நடத்தினர். நாட்சிகள் 1933-ல் ஆட்சிக்கு வந்ததும் அச்சைக்கிள் சங்கத்தையும் தடைசெய்தனர்.

இனி உடல்நலத்துக்கு வருவோம். உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்று இன்று எந்த வைத்தியரும் சொல்வார். அதற்கு முதல் வலுவான சான்று வந்தது விளையாட்டு வீரரிடமிருந்தல்ல, பஸ் தொழிலாளரிடமிருந்து. கிளாஸ்கோ நகரின் வறிய சூழலில் வளர்ந்த ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் இலண்டனின் இரட்டைத்தட்டுப் பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் சாரதியைவிட, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கும் நடத்துனருக்கு மாரடைப்புக் குறைவு என்று 1953-ல் வெளியிட்டார். சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்தனரா என்ற ஐயத்தையும் அவரே எழுப்பி, அவர்களுடைய சீருடை அளவுகளைத் தேடி எடுத்துச் சோதித்தார். இடுப்பளவில் வேறுபாடு இருக்கத்தான் செய்தது. அதனை அவர் மறைக்கவில்லை. ஆராய்ச்சியில் நேர்மை என்பது இதுதான்.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று துறைமுகத்திலிருந்தே வருகிறது. சன் பிரான்சிஸ்கோத் துறைமுகத் தொழிலாளர், 1934-ல் ஹரி பிரிட்ஜஸ் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் செய்து புகழ்பெற்றவர்கள். அவர்களுள் 6351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய பபென்பாகர் என்ற மருத்துவர் 1975-ல் முடிவுகளை வெளியிட்டார். மூட்டை சுமக்கும் கடும் உழைப்பாளிகளிடையே இதயநோய் மரணம், இலேசான வேலை செய்தவர்களிடையே இருந்ததில் ஏறக்குறைய பாதியே. ஆனால் அவ்வாண்டுகளிலேயே, 1960-ன் ஒப்பந்தத்தின் பின், பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும் மனிதத் தோளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. இயந்திரம் முதுகுவலியை நீக்கியது, நல்லதே. மிச்சமான வலிமையை அவன் எங்கே செலவிடுவது என்பதை மட்டும் எவரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை.

அப்படியானால் மூட்டை சுமப்பதே மருந்து என்று முடிவுகட்டிவிடலாமா? அது முதலாளிக்கு மிக இனிக்கும் முடிவு. டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-ல் வெளியான முடிவு வேறொன்று கூறுகிறது. ஓய்வு நேரத்தில் தாமாக விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது. வேலையில் விதிக்கப்படும் கடும் உடலுழைப்போ மரண ஆபத்தைக் கூட்டுகிறது. விரும்பி ஓடுபவன் களைத்தால் நிற்கிறான், உண்கிறான், உறங்குகிறான். கரைவலை இழுப்பவன் வலை கரைசேரும்வரை நிற்க முடியாது. மறுநாளும் அதே இழுவை. அசைவு ஒன்றேயாயினும் அதன்மேல் உள்ள உரிமை ஒன்றல்ல. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. அந்த நிமிடங்களை யாருடைய நாளிலிருந்து எடுப்பது என்று அது கூறவில்லை. அதைக் கூறுவது மருத்துவரின் வேலையுமன்று.

திருகோணமலையில் நேரம் மட்டுமல்ல, இடமும் பறிக்கப்பட்டது. போர்க்காலத்தில் கடல் தடைசெய்யப்பட்டது, மீன்பிடிக்கு நேரம் விதிக்கப்பட்டது, சம்பூரும் மூதூர்க் கிழக்கும் உயர்பாதுகாப்பு வலயமாயின. 2006 ஜனவரி 2-ஆம் நாள் மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலையருகே கூடியிருந்த மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். சந்தேகத்தின்பேரில் கைதான படையினர் 2019-ல் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டனர். மாலையில் கடற்கரைக்குப் போவது என்பது மற்ற ஊர்களில் சாதாரணச் செயல். இங்கு ஒரு தலைமுறைத் தாய்மார் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்ப அஞ்சினார்களென்றால் அதை மூடத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நீச்சலைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். பாக்குநீரிணையை 1954-ல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971-ல் அதனைப் போக வர நீந்திப் பின்னர் 1984-ல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்துறந்த குமார் ஆனந்தனையும் நாம் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு சமுதாயத்தின் நீச்சலை அதன் இருவர் மூவரைக் கொண்டு அளக்கலாமா? 2004 டிசெம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக மாண்டனர். ஆண்பிள்ளைகளுக்கு நீந்தவும் மரமேறவும் கிடைத்த பழக்கம் பெண்பிள்ளைகளுக்குக் கிடையாமற் போனதும் காரணங்களுள் ஒன்றென ஆய்ந்தோர் கூறினர். 2021 நவம்பர் 23-ஆம் நாள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடக்கையில் மாற்றாக விடப்பட்ட மிதவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குச் சென்ற சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். குற்றம் பாதுகாப்பற்ற அந்த மிதவையைச் சார்ந்தது. நீந்தத் தெரியாத குழந்தையைச் சார்ந்ததன்று. இருந்தும், கடலோர மாவட்டத்தில் நீச்சல் பாடத்திட்டத்தின் ஓரத்தில்கூட இல்லாமல் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துவிட முடிகிறது என்பதை ஆசிரியராக இருப்போர் சிந்திக்க வேண்டும்.

சைக்கிளின் கதை வேறு. 2022-ல் எரிபொருள் இல்லாமற் போன மாதங்களில் எழுதுவினைஞரும் ஆசிரியரும் அதற்குத் திரும்பினர். விலையும் உடனே ஏறிற்று. முப்போட்டிக்கென விற்கும் கரிநார்ச் சட்ட வண்டிகளின் விலையை இங்கு எழுதி வாசகரின் மனத்தை நோகடிக்க விரும்பவில்லை. ஓட்டத்துக்கோ வெறுங்கால் போதும். பாடசாலை ஓட்டப் பந்தயங்களில் நம் பிள்ளைகள் பலர் இன்றும் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் கூறுவது முப்போட்டியை எள்ளுவதற்கன்று. அதில் ஒரு பெருங்குணம் உண்டு. கடைசியாக வருபவரையும் கரவொலி எழுப்பி வரவேற்கும் விளையாட்டு அது. பெரும்பாலோர் பிறரை வெல்ல அன்று, தொடங்கியதை முடிக்கவே வருகின்றனர். குறுந்தூர வகையில் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம் மட்டுமே. மூன்று நான்கு மாதப் பயிற்சியில் சாதாரண உடல்நலமுள்ள ஓர் ஆசிரியரும் அதனை எட்டலாம்.

கொழும்புக்குப் பெப்ரவரி ஏற்ற மாதம். கிழக்கே அப்போது வாடைக்கடலின் சீற்றம் முற்றும் ஓய்ந்திருக்காது. இங்கு மே முதல் செப்டெம்பர் வரை கடல் குளம்போலக் கிடக்கும். உள்துறைமுகத்தில் படையினர் தளம் இருப்பினும், கோணேசர் மலைக்கு வடக்கே உப்புவெளிவரை நீண்ட குடா திறந்தே இருக்கிறது. அங்கே நீந்தி, நிலாவெளி வீதியில் சைக்கிள் மிதித்து, கரையோரமே ஓடித் திரும்பலாம். நீந்துவோருக்குக் காவலாகப் படகு வேண்டும், நீரோட்டமும் ஆழமும் அறிந்த கண் வேண்டும். அவ்விரண்டும் அக்கரையின் மீனவரிடம் உண்டு. அவர்களுக்கு அன்றைய மீன்பிடி நட்டமாகாதபடி கூலி கொடுக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைக் கட்டணமின்றிப் பதிய வேண்டும். ஆண்பிள்ளைகளின் பெயரோடு பெண்பிள்ளைகளின் பெயரையும்.