மூத்த தாரத்துப் பிள்ளைகளின் பங்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கொக்கிளாயிலும் களப்புக்கு அக்கரையில் புல்மோட்டையிலும் மறுமணம் புதிய விசயமல்ல. போரும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் எத்தனையோ வீடுகளில் தாயையோ தகப்பனையோ கொண்டுபோயின. மிஞ்சியவர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இன்னொரு கல்யாணம் செய்தார்கள். அவர்களில் பலருக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. இவ பிள்ளை, அவர் பிள்ளை, இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை என்று ஒரே சட்டியில் சோறு தின்று வளர்ந்தவர்களுக்கிடையில் காணிப் பேச்சு இனித்தான் வரப்போகிறது.

பழைய ஆட்கள் இதை யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், 1707இல் நம் தமிழ் அயலவர்களின் வழக்கங்களைத் தொகுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி சொன்ன அந்தத் தொகுப்புத்தான் தேசவழமை. அதில் மறுமணத்துக்கு விரிவாகவே விதி இருக்கிறது. மனைவி இறந்தால், மறுமணம் செய்யாத வரைக்கும் சொத்து முழுவதும் புருசன் கையில் இருக்கலாம். இன்னொரு பெண்ணைக் கட்ட நினைத்தால், சிறு பிள்ளைகளைப் பெரும்பாலும் தாய்வழி அம்மம்மாவோ நெருங்கிய உறவோ பொறுப்பெடுக்கும். அப்போது, செத்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், இருவரும் சேர்ந்து தேடிய தேட்டத்தில் பாதியையும் அவர் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் நான் மெச்சுவது அந்த நேரத்தைத்தான். தகப்பன் கண்மூடும்வரை காத்திருக்கவில்லை. புது மனைவி வாசற்படி ஏறுமுன்னமே கணக்குத் தீர்கிறது.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் முஸ்லிம்களுக்கான சட்டக்கோவையும் வெளிவந்தது. இன்று நமக்குள்ளது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மரணசாசனம் எழுதாமல் மௌத்தானவரின் சொத்து அவருடைய மத்ஹபின்படி பிரியும் என்கிறது அது. மூத்த தாரத்துப் பிள்ளை, இளைய தாரத்துப் பிள்ளை என்ற பேதம் அங்கே இல்லை.

அப்படியானால் சண்டை எங்கே வருகிறது? என் கணிப்பில், பெரும்பாலும் முதல் மௌத்தில். நம் பக்கம் வீடும் வளவும் பெண் பெயரில் சீதனமாக எழுதப்படுவது வழக்கம். அந்தப் பெண் மௌத்தானால், பிள்ளைகள் இருக்கும்போது புருசனுக்குக் கால் பங்குதான். அவளுடைய தாய் தகப்பன் உயிரோடு இல்லையென்றால் மீதி முக்கால் பங்கும் பிள்ளைகளுக்கு. அதை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள்? வாப்பா அங்கேயே இருப்பார், புது உம்மா வருவார், பிள்ளைகள் பிறக்கும். இருபது வருசம் போனபின் அது “வாப்பாட வீடு” ஆகிவிடும். அவருக்குச் சொந்தமில்லாத முக்கால் பங்கையும் சேர்த்து அவர் எழுதினால், அந்த எழுத்து எப்படி நிற்கும்?

அடுத்தது, மனைவியோடு வந்த பிள்ளை. உம்மு ஸலமா (ரழி) விதவையாகிப் பிள்ளைகளோடுதான் நபியவர்களின் (ஸல்) வீட்டுக்கு வந்தார்கள். அவர்களின் மகன் உமர் அங்கேதான் வளர்ந்தார். ஆனால் வளர்த்த பாசத்தால் வாரிசுரிமை வராது. அதற்குத்தான் வஸிய்யத் இருக்கிறது. ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரழி) நோயில் கிடந்து கேட்டபோது மூன்றிலொன்றுக்கு மேல் அனுமதி கிடைக்கவில்லை. அதுவே அதிகம் என்றும் சொல்லப்பட்டது.

கணக்காகப் பார்ப்போம். கடனெல்லாம் தீர்ந்து ஒருவரிடம் 12 ஏக்கர் உறுதிக்காணி மிஞ்சுகிறது. அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவியோடு வந்த மகளுக்கு 4 ஏக்கர் வரை வஸிய்யத் எழுதலாம். அப்படி 4 எழுதினால் மீதி 8. மனைவிக்கு எட்டிலொன்று, 1 ஏக்கர். இரு தாரத்திலுமாக மூன்று ஆண், ஒரு பெண் என்றால், ஆண்களுக்கு 2 ஏக்கர் வீதம், பெண்ணுக்கு 1. ஒன்றும் எழுதாமல் போனால் வளர்ப்பு மகளுக்கு ஒரு பேர்ச்சும் இல்லை. 1844ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பியவருக்கு விரும்பியபடி எழுத விடுகிறது என்பது உண்மை. மூன்றிலொன்று என்பது நாம் மார்க்கத்துக்காகப் பேணும் எல்லை.

அனுமதிப்பத்திரக் காணி வேறு கதை. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவதால், பொதுவான வாரிசுச் சட்டம் அதற்குப் பொருந்தாது. யாரைப் பின்னுரிமையாளராகப் பதிந்திருக்கிறீர்கள் என்று பிரதேச செயலகத்தில் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். மௌத்தான மூத்த மனைவியின் பெயரே இன்னமும் அதில் கிடக்கலாம்.

மரணசாசனத்தை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன் ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். இது 1840ஆம் ஆண்டிலிருந்து வரும் விதி. அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: எழுதியவர் பிறகு கல்யாணம் செய்தால், முன்பு எழுதிய மரணசாசனம் ரத்தாகிவிடும். ஆகவே மறுமணத்துக்கு முன் எழுதி அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் மறுபடியும் எழுத வேண்டும்.