ஆர்க்காட்டு முற்றுகையின் பெயர் தெரியாத வீரர்கள்

திருவண்ணாமலைக்கு வரும் வெளியூர் அன்பர்கள் அண்ணாமலையார் கோயிலின் புறமதிலை அண்ணாந்து பார்த்து, "கோயிலா, கோட்டையா?" என்று வியப்பதுண்டு. இறைவன் வழிபாட்டுக்கென எழுந்த கோயில்தான் அது. ஆயினும், கருநாடகப் போர்கள் நிகழ்ந்த 18ஆம் நூற்றாண்டில் அது கோட்டையாகவும் பயன்பட்டது. 1753இல் முர்தசா அலியின் படையும் மராட்டியர் படையும் எங்கள் ஊரை முற்றுகையிட்டுப் பயனின்றித் திரும்பின. 1767இல் ஐதர் அலியும் நிஜாமும் ஒருபுறமும், ஆங்கிலத் தளபதி ஜோசப் ஸ்மித் மறுபுறமுமாக நின்று பொருததும் இவ்வூரை அடுத்தே ஆகும்.

ஆண்டுகளைச் சொல்லிவிட்டேன், தலைவர்களையும் சொல்லிவிட்டேன். பள்ளியில் பல்லாண்டுகள் நான் வரலாறு கற்பித்ததும் இம்முறையில்தான். இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு என்பதை எனக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு போளூர், ஆரணி வழியாக ஆர்க்காட்டுக்குச் சென்றேன். நவாபுகளின் தலைநகராய் விளங்கிய அந்நகரின் மதில்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. பாலாற்றங்கரையில் டில்லி வாயில் மட்டும் இன்றும் நிற்கின்றது. அதன் மேலுள்ள அறையைக் 'கிளைவ் அறை' என்பர். அவ்வாயிலின் நிழலில் மாணவர்களை அமர்த்தி, 1751ஆம் ஆண்டின் முற்றுகையை விரித்துரைத்தேன்.

அவ்வாண்டில் கருநாடக நவாபு பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகம்மது அலிக்கு ஆங்கிலக் கும்பினியார் துணை. முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முற்றுகைப்பட்டிருந்தார். திருச்சியை நெருக்கும் படையைப் பிரிக்க வேண்டுமானால் சந்தா சாகிபின் தலைநகரைத் தாக்க வேண்டும் என்று 25 வயதினனான ராபர்ட் கிளைவ் கருதினான். 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் மூன்று சிறு பீரங்கிகளும் அவனுடன் சென்னையிலிருந்து புறப்பட்டனர். இடியும் மின்னலும் பெருமழையும் சூழ்ந்த வேளையிலும் அப்படை நில்லாமல் நடந்து வருகிறது என்று ஒற்றர்கள் சொல்லக் கேட்டு, கோட்டையிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அஞ்சி அகன்றனர். போரின்றியே கோட்டை கைக்கு வந்தது.

கைக்கு வந்த கோட்டையைக் காப்பதுதான் அரிதாயிற்று. அதன் சுற்றளவு ஒரு மைலுக்கும் மேல். மதில் பல இடங்களில் சிதைந்திருந்தது, கொத்தளங்கள் பாழடைந்திருந்தன, அகழியோ சில இடங்களில் நடந்து கடக்கும் அளவுக்குத் தூர்ந்திருந்தது. சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு ஏறத்தாழ 10,000 பேருடன் வந்து வளைத்துக்கொண்டான். அவர்களுள் 150 பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். முற்றுகை தொடங்கியபோது உள்ளே போரிடத் தக்கவராய் இருந்தோர் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களுமே.

செப்டம்பர் 23ஆம் நாள் தொடங்கிய முற்றுகை 50 நாட்களுக்கு மேல் நீடித்தது. பகலில் பீரங்கிக் குண்டுகள் மதிலைப் பிளக்கும். இரவில் உள்ளிருப்போர் அப்பிளவின் பின்னே மண்ணும் மரமும் கொண்டு அணை எழுப்புவர். உறக்கம் குறைந்தது, நோய் பெருகியது. மொகரம் பண்டிகைக் காலத்தில், நவம்பர் 14ஆம் நாள் விடியலில் இறுதித் தாக்குதல் வந்தது. நெற்றியில் இரும்புத் தகடு பூண்ட யானைகளைக் கதவுகளை மோதி உடைக்க ஏவினர். துப்பாக்கிக் குண்டுகள் பாயவே, யானைகள் திரும்பி ஓடித் தம் படையையே மிதித்தன. தாக்க வந்தோருள் 400 பேர் வரை மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். மறுநாள் விடிவதற்குள் முற்றுகை கலைந்தது. முற்றுகைக் காலம் முழுவதிலும் கோட்டைக்குள் இறந்தவர் 45 ஐரோப்பியரும் 30 சிப்பாய்களும் என்று ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் கணக்குக் காட்டுகிறார்.

இவ்வளவும் சொன்ன பின், பாட நூல்களில் புகழ்பெற்ற கஞ்சிக் கதையையும் சொன்னேன். உணவு குறைந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் சென்று, "சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சியே எங்களுக்குப் போதும்" என்றனராம். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கஞ்சி குடித்தவர்களின் பெயர்கள் இங்கே எங்கு எழுதப்பட்டிருக்கின்றன?" என்று கேட்டான்.

நான் வாயடைத்து நின்றேன். அறைக்குக் கிளைவின் பெயர் இருக்கிறது. மதிலில் நின்றவர்க்கு ஒரு கல்லும் இல்லை.

ஊர் திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன். முதலாவதாக, கஞ்சிக் கதையே ஆராயத்தக்கது எனக் கண்டேன். நிகழ்ச்சிக்கு அண்மையில் எழுதிய ஓர்மின் நூலில் அது இல்லை. 1836இல் வெளிவந்த ஜான் மால்கமின் கிளைவ் வரலாற்றில் காணப்படும் அதனை, 1840இல் மெக்காலே தம் கட்டுரையால் உலகறியச் செய்தார். உண்மையாகவும் இருக்கலாம், வாய்வழி வளர்ந்ததாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு: சிப்பாய்களின் தியாகத்தைப் புகழ்ந்தவர்களும் அவர்களுள் ஒருவரது பெயரையேனும் நமக்குத் தரவில்லை.

இரண்டாவதாக, இம்முற்றுகைக்கு நினைவுச் சின்னங்கள் இல்லாமலில்லை. 1912இல் லண்டன் மாநகரில் நிறுவப்பட்ட கிளைவின் சிலையின் பீடத்தில் ஆர்க்காட்டு முற்றுகை வெண்கலப் புடைப்புச் சிற்பமாக விளங்குகிறது. கும்பினியாரின் மதராஸ் ஐரோப்பியப் படை 'ஆர்க்காடு' என்னும் பெயரைத் தன் கொடியில் பொறிக்கும் உரிமை பெற்றது. அதன் வழிவந்த படைப்பிரிவு 1922இல் கலைக்கப்படும்வரை அப்பெருமை நிலைத்தது. சிப்பாய்களுக்கோ அப்பேறும் இல்லை. 1751இல் அவர்கள் தனித்தனிக் குழுக்களாகவே இருந்தனர். முறையான பட்டாளங்களாக அமைக்கப்பட்டது 1758 முதற்கொண்டுதான். கொடியே இல்லாதவர்க்குக் கொடியில் பெயர் எவ்வாறு அமையும்?

"அக்காலத்தில் எளிய வீரரின் பெயரை யார் பொறித்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை எங்கள் மாவட்டத்திலேயே உள்ளது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, வீழ்ந்தவன் பெயர், வீழ்ந்த காரணம் ஆகியவற்றை அக்கற்கள் ஒன்றிரண்டு வரிகளில் சொல்லிவிடுகின்றன. எடுத்தனூர் நடுகல் 7ஆம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில் நடப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பான் அதில் இடம்பெறுகிறான். அவனோடு நின்று கள்ளரைக் கடித்துக் காவல் காத்த நாயும் இடம்பெறுகிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல் சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் நாய்க்கும் பெயர் பொறித்த நாட்டில், 50 நாட்கள் மதிலைக் காத்த மனிதர்க்குப் பெயர் இல்லாது போயிற்று.

அச்சிப்பாய்கள் அந்நியருக்கு ஊழியம் செய்தவர்களே, அவர்களை நினைப்பானேன் என்று சிலர் வினவுவர். நேரிய வினாதான். அவர்கள் காத்த கோட்டை கும்பினியாரின் ஆதிக்கத்துக்குப் படிக்கல் ஆயிற்று; மறுப்பதற்கில்லை. ஆனால் 1751இல் நின்றவர்க்குப் பின்வருவது தெரியாது. இரு நவாபுகளின் போரில் கூலிக்குச் சேவகம் செய்தவர்கள் அவர்கள். மதிலுக்கு வெளியே வீழ்ந்தவர்களுள் மிகப் பலரும் இந்நாட்டு மக்களே. அவர்களுக்கும் கல் இல்லை. 1806இல் அருகிலுள்ள வேலூரில் சிப்பாய்கள் அதே கும்பினியாரை எதிர்த்து எழுந்தனர். அவர்களுக்கு இன்று வேலூரில் நினைவுத் தூண் உண்டு. போற்றுவது வேறு, அறிந்துகொள்வது வேறு. போற்றுதற்குரியவரா அல்லரா என்று தீர்ப்பதற்கு முன், அவர்கள் இருந்தார்கள் என்பதையாவது நாம் அறிய வேண்டும் அன்றோ?

மாணவச் செல்வங்களே! 2019இல் புதுடில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர் நீத்த வீரர்களின் பெயர்கள் கல்லில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. நடுகல் நட்ட மரபு மீண்டும் தழைத்தது என்றே நான் மகிழ்ந்தேன். உங்கள் ஊர்ப்புறத்தில் புதருக்குள் சாய்ந்து கிடக்கும் கல் ஒன்று இருக்கலாம். அதைத் துடைத்து, எழுத்துளதா என்று பாருங்கள். இருப்பின் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வரலாற்று நூலைத் திறக்கும்போது, 'படை வென்றது' என்ற தொடரைக் கண்டால், அந்த மாணவன் கேட்ட வினாவை நீங்களும் கேளுங்கள். அவனுக்கு அன்று விடை சொல்ல என்னால் இயலவில்லை. இன்றும் இயலவில்லை. ஆயினும் அவ்வினாவை மறவாதிருப்பதே அப்பெயரறியா வீரர்க்கு நாம் நடக்கூடிய நடுகல் ஆகும்.