உப்புத் தண்ணீரும் மாத்திரையும்

1982. அமெரிக்காவில் அசைக்ளோவிர் களிம்புக்கு அனுமதி கிடைத்த வருஷம். அதே ஆகஸ்டில் ‘டைம்’ இதழ் ஹெர்பிஸை அட்டையில் போட்டு, புது அவமான முத்திரை என்றது. மருந்தும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. நோய் என்னவோ பழசுதான். பிரெஞ்சு மருத்துவர் அஸ்த்ருக் 1736லேயே பிறப்புறுப்புக் கொப்புளங்களைப் பற்றி எழுதிவிட்டார்.

ஜெர்ட்ரூட் எலியன் குழுவின் இந்த மருந்து வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் (தொழில் புத்தி!). வைரஸின் சொந்த நொதிதான் அதை முடுக்கிவிடுகிறது. பிறகு வைரஸ் டிஎன்ஏவை நகலெடுக்கப் போனால் சங்கிலி பாதியில் நின்றுவிடும். தன் கோடே தன்னைக் கிராஷ் பண்ணுகிற மாதிரி. ஆனால் நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸை அது தொடாது. வந்துவிட்ட புண்ணின் எரிச்சலையும் உடனே அணைக்காது.

அதற்குக் கைவைத்தியம்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் உட்காருவது, தளர்வான பருத்தி உள்ளாடை, கொஞ்சம் வாஸ்லின், தாங்கவே முடியலைன்னா டாக்டர் சொல்லும் லிக்னோகெய்ன் ஜெல். சிறுநீர் கழிக்கும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும். களிம்பால் பெரிய பலனில்லை, மாத்திரைதான் மேல் என்று பிறகு தெரிந்தது. களிம்பு ஒதுங்கிவிட்டது, உப்புத் தண்ணீர் இன்னும் இருக்கிறது.

மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், முடிந்தால் முதல் நாளே. அந்த நாளில்தான் பலர் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வெறும் உப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.