பச்சைச் சூரியனும் எரிமலைப் புகையும்

1883ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் சென்னை மக்கள் ஒரு விந்தையைக் கண்டனர். அடிவானத்தை ஒட்டி நின்ற கதிரவன், வழக்கமான செந்நிறம் இழந்து பச்சை நிறத்துடன் விளங்கினான். இலங்கையிலும் இக்காட்சி தென்பட்டது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துவந்த மிச்சி ஸ்மித் என்பவர், அந்த ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்து நோக்கினார். சிவப்புப் பகுதி பெரிதும் மங்கியிருந்தது. கண்டதைக் கண்டவாறே எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக அமர்ந்தவர் இவரே.

அந்தப் பச்சை நிறத்தின் காரணம் சென்னையில் இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன், ஆகஸ்டு 27ஆம் நாள், சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிராக்கட்டோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியிருந்தது. கடல் பொங்கிக் கரையேறி, 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிகெஸ் தீவிலும் அவ்வோசை கேட்டது. ஆனால், மலை வானில் வீசிய பொருள் எங்கே சென்றது? எவ்வளவு உயரம் சென்றது? அதனால் உலகிற்கு என்ன நேரும்? எரிமலைப் புகையை அளக்கும் சாஸ்திரம் இக்கேள்விகளிலிருந்தே வளர்ந்தது.

இக்கேள்விகளைக் கேட்பாரில்லாத காலமும் இருந்தது. 1815ஆம் ஆண்டில், அதே தீவுக்கூட்டத்தில், தம்போரா மலை கிராக்கட்டோவாவினும் பெரிதாய் வெடித்தது. மறு ஆண்டு மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கீழைக் கரையிலும் கோடை வரவில்லை. பயிர் அழிந்தது, பசி பரவியது. தங்கள் வயலைக் கெடுத்தது தொலைதூரத்து மலை என்பதை அறியாமலே மக்கள் துன்புற்றனர்.

1883இல் நிலைமை மாறியிருந்தது. தந்தி இருந்தது; பல நகரங்களில் காற்றழுத்தத்தை இடைவிடாது பதியும் பாரமானிகள் இருந்தன. லண்டன் ராயல் சொசைட்டி ஒரு குழுவை அமைத்து, கப்பல் தலைவர்கள், பாதிரிமார், விஞ்ஞானிகள் முதலியோர் எழுதிய குறிப்புகளைத் திரட்டிற்று. 1888இல் அறிக்கையை வெளியிட்டது. நிறம் மாறிய சூரியனைக் கண்ட ஊர்களையும் நாட்களையும் வரிசைப்படுத்தியபோது, அத்தூசுப் படலம் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி விரைந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றிவந்தது புலனாயிற்று. பலூன்களும் எட்டாத உயரத்தில் வீசிய காற்றின் திசையும் வேகமும் இவ்வாறு மனிதனுக்குத் தெரியவந்தன.

உயரத்தை அளந்தவர்களும் உண்டு. பெருவெடிப்புக்கு முதல்நாள் 'மெடியா' என்னும் கப்பலின் தலைவர், 76 மைல் தொலைவிலிருந்து, கரும்புகைத் தூணின் உயரம் 17 மைல் எனக் கணித்தார். தொலைவும் கோணமும் தெரிந்தால் உயரம் தெரியும் என்பது பள்ளிக் கணக்கே. 2022 ஜனவரி 15ஆம் நாள் பசிபிக் கடலில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது, செயற்கைக் கோள்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, அதன் முகடு 57 கிலோமீட்டரை எட்டியதெனக் கண்டனர். கருவி மாறிற்று, கணக்கின் அடிப்படை மாறவில்லை.

உயரத்தை அறிவதால் பயன் யாது? 1956இல் மார்ட்டன், டெய்லர், டர்னர் என்னும் மூவர் இதற்கு வழிகாட்டினர். மேலெழும் வெப்பத் தூண், தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த காற்றை இழுத்துக் கலந்துகொண்டே செல்கிறது. ஆகவே அதன் உயரம் இருமடங்காக வேண்டுமானால், அடியிலிருந்து வெளிப்படும் வெப்பம் பதினாறு மடங்காக வேண்டும். உயரத்தைக் கொண்டு எரிமலையின் ஆற்றலை மதிப்பிடலாம்; ஆனால் உயரத்தில் நேரும் சிறு பிழையும் மதிப்பீட்டில் பெரும்பிழையாய் வந்து நிற்கும்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்ட எனக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. 'எரிமலைச் சாம்பல்' என்கிறோம். அது எதையும் எரித்து வந்த சாம்பலன்று, பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளுமே. அதன் பெரும்பகுதி சில நாட்களிலோ வாரங்களிலோ தரையில் படிந்துவிடும். உலகைக் குளிர்விப்பது, அதனுடன் எழும் கந்தக வாயுவே. அது அடுக்கு மண்டலத்தை அடைந்து, கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறி, ஓரிரு ஆண்டுகள் தங்கி, வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இவ்வறிவுக்கு 1991இல் சோதனை வந்தது. ஜூன் 15ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ வெடித்தது. அது வெளியிட்ட கந்தக டையாக்சைடு ஏறத்தாழ இரண்டு கோடி டன் என்று செயற்கைக் கோள் அளவீடுகள் காட்டின. அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனும் உடனிருந்தோரும் கணிப்பொறியில் கணக்கிட்டு, உலகின் சராசரி வெப்பம் சுமார் அரைப் பாகை குறையும் என 1992 ஜனவரியில் வெளியிட்டனர். அவ்வாறே குறைந்தது. தம்போராவின் காலத்தில் காரணம் அறியாது துன்புற்ற உலகம், இம்முறை விளைவை முன்கூட்டியே அறிந்திருந்தது.

துகள்களாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1982 ஜூன் 24ஆம் நாள் இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைப் புகையுள் புகுந்த பயணி விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழே இறங்கி வந்தபின் அவை மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. இன்று ஒன்பது ஆலோசனை நிலையங்கள் உலகெங்கும் எரிமலைப் புகையின் போக்கைக் கணித்து விமானிகளை எச்சரிக்கின்றன.

2025 நவம்பர் 23ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. அதன் புகை செங்கடலையும் அரபிக் கடலையும் கடந்து, மறுநாள் இரவு வட இந்தியாவின் வான்வெளியை அடைந்தது. சில விமானங்கள் ரத்தாயின. புகை மிக உயரத்தில் சென்றமையால், தில்லியில் வாழும் நம்மவர் தலைக்குமேல் அது கடந்ததைக் கண்ணால் காணவில்லை, செய்தியால் அறிந்தனர்.

சென்னையில் பச்சைச் சூரியனைக் கண்டவர்களுக்குக் காட்சி கிட்டியது; காரணம் கிட்டவில்லை. நமக்குக் காரணம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவை, எங்கோ ஒரு கப்பலிலும் கல்லூரியிலும் இருந்தோர், கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைத்த குறிப்புகளே.