பந்தியும் பயணமும்: உள்ளூர்ச் சபையில் சீடத்துவத்தின் நோக்கம்

சீடத்துவப் பயிற்சி என்றால் இன்று பெரும்பாலான சபைகளில் ஒரு பாடநூல், வாரம் ஒருநாள் கூடும் சிறுகுழு, வசன மனப்பாடம், சில இடங்களில் முடிவில் ஒரு சான்றிதழ். இவற்றில் எதுவும் வீணல்ல. ஆனால் இவை யாவும் தனிமனிதனை அளப்பவை: எவ்வளவு வாசித்தான், எவ்வளவு ஜெபித்தான், எந்தப் பழக்கத்தை விட்டான். அவனால் அவனுடைய சபை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. பிறப்பாலும் மணவுறவாலும் ஏற்கெனவே கட்டுண்டிருக்கும் ஒரு கூட்டத்தை, தன் உறவுக்கு வெளியே இருப்பவருக்கும் கடன்பட்ட சபையாக மாற்றுவதே சீடத்துவத்தின் நோக்கம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இதற்கு நல்ல தொடக்கம். இயேசுவோடு நடந்து, அவரிடம் நேரில் கற்ற பேதுரு, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். பேதுருவுக்குச் சத்தியம் தெரியாது என்று பவுல் சொல்லவில்லை. தெரிந்த சத்தியத்துக்கேற்ப நடக்கவில்லை என்றார். எவரிடம் பயின்றோம் என்பது ஒருவரைச் சீடராக நிலைநிறுத்தப் போதவில்லை. உள்ளூர்ச் சபையின் சாப்பாட்டு வேளை அதைச் சோதித்தது.

தஞ்சாவூர் அதே சோதனையைச் சந்தித்தது. மிஷனெரி சுவார்ட்ஸ் வளர்த்த அந்தச் சபை வேத அறிவில் குறைந்ததல்ல. அவரிடம் பயின்று, பெத்லகேம் குறவஞ்சி இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் அங்கே இருந்தார். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் அவருக்கு நிகராகச் சொல்ல அதிகம் பேர் இல்லை. ஆனால் ஆலயத்தில் வேளாளர் ஒருபுறம், பறையர் ஒருபுறம். நற்கருணைப் பாத்திரத்தை அணுகுவதிலும் முறை உண்டு. புதிதாக வந்த மிஷனெரிகள் இதை மாற்ற முனைந்தபோது எதிர்த்து எழுதியவர்களில் சாஸ்திரியாரே முன்னின்றார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள்.

சாஸ்திரியார் தரப்புக்கும் நியாயம் இருந்தது. மேலிருந்து ஆணையாக வந்த சீர்திருத்தத்தில் அந்நியரின் அதிகாரம் கலந்திருந்தது. இங்கிலாந்தின் ஆலயங்களில் செல்வர்கள் தங்களுக்கென்று இருக்கைகளை வைத்துக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் மறக்கக் கூடாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. பல்லாண்டு உபதேசமும் செழித்த பாடல் மரபும் இருந்த ஒரு சபை, ஒரே பாத்திரத்தில் பருகச் சொன்னதும் ஏன் உடைந்தது? அதன் சீடத்துவம் உறவு வட்டத்துக்குள் பக்தியை வளர்த்தது, வட்டத்தைத் தொடவில்லை.

திருநெல்வேலி வேறு வழியில் இக்கேள்விக்கு வந்தது. 1780இல் பாளையங்கோட்டைப் பதிவேட்டில் 40 பேராக இருந்த சபை, ஒரு நூற்றாண்டில் ஊர் ஊராகப் பரவியது. ஆனாலும் வெளியே ஊழியம் அனுப்புவது வெள்ளையர் வேலை என்றே அது நினைத்திருந்தது. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தொண்டியில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். ஈழத்திலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கே ஆள் வருகிறது, திருநெல்வேலியிலிருந்து எங்கும் போகவில்லை என்பது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியரே ஊழியர், இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் நிலை. நிஜாம் ஆட்சியிலிருந்த டோர்னக்கல் பகுதியில், மொழி தெரியாத தெலுங்கு மக்களிடையே, தமிழர் வேலை தொடங்கினர். 1909இல் அசரியா தாமே அங்கு சென்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

டோர்னக்கலில் அவர் கைக்கொண்ட ஒரு வழக்கம் இங்கே மிக முக்கியம். ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேல் கைவைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்றும், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்றும் சொல்ல வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதிலிருந்து எடுத்த கருத்து அது. சொன்னவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத மாலா, மாதிகா சாதிக் கூலிகள். ஆண்டுதோறும் நடந்த சாட்சி வாரத்தில் அவர்களே பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார்கள்.

கற்காதவன் கற்பிக்கலாமா, முதலில் வேரூன்றட்டும், பிறகு அனுப்பலாம் என்பது இதற்கு எதிராக எளிதில் எழும் ஆட்சேபம். ஆனால் டோர்னக்கலில் போதனை கைவிடப்படவில்லை; கிராம உபதேசிமார் கதையாகவும் பாட்டாகவும் மனப்பாடமாகவும் கற்பித்தார்கள். பொறுப்பு மட்டும் தேர்ச்சிக்குப் பரிசாகக் காத்திருக்காமல் முதல் நாளிலேயே வந்தது. அயலானிடம் போய்ப் பேச வேண்டியவன் கேட்டுக் கற்கிறான். அவசியம் அவனைப் படிக்க வைக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் கடைசிக் கட்டளையும் போவதையும் கற்பிப்பதையும் பிரிக்கவில்லை.

ஆனால் என் வாதத்துக்கு டோர்னக்கல் முழுச் சான்றாகாது. அங்கேயும் மாலா, மாதிகா பகை சபைக்குள் தொடர்ந்தது. மக்கள் குழுவாக, சாதியோடு வந்தார்கள். சாதியோடே தங்கவும் செய்தார்கள். திருநெல்வேலியிலும், தெலுங்கு நாட்டுக்குக் காணிக்கை அனுப்பிய சபைகள் பக்கத்துத் தெருவோடு மணவுறவு கொண்டன என்று சொல்ல முடியாது. தொலைவிலிருக்கும் அந்நியருக்காகச் செலவழிப்பதை உறவு வட்டம் பொறுத்துக்கொள்கிறது. அருகிலிருக்கும் அந்நியர் பந்தியில் அமரும்போதுதான் எதிர்க்கிறது. 1903இன் சாதனையை 1833இன் கேள்விக்கு விடையாகக் காட்டும் மிஷன் வரலாறுகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஆகவே ஒரு சேகரத்தின் சீடத்துவத்தை மதிப்பிட அதன் ஊழியக் காணிக்கைக் கணக்கும் திடப்படுத்தல் வகுப்பின் எண்ணிக்கையும் போதா. அதன் திருமணப் பதிவேட்டையும் கல்லறைத் தோட்ட வழக்கங்களையும் சபைக் குழுத் தேர்தல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காணிக்கை மிகுந்த சேகரங்களில் இவை எப்படியிருக்கின்றன என்ற ஒப்பீட்டிலிருந்து அடுத்த ஆய்வு தொடங்கலாம்.