மெத்தனாலின் ஏறுபடியும் இறங்குபடியும்: குறைகடத்திப் பரப்பில் இரு ஆய்வுகள்

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஜூனில், 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூரிய ஒளியால் எரிபொருள் ஆக்க முயலும் வேதியியலார் விரும்பித் தேடும் பொருளும் இதே மெத்தனால்தான். ஒருவர் குறைகடத்தியைக் கொண்டு அதை ஆக்கப் பார்க்கிறார். மற்றொருவர் குறைகடத்தியைக் கொண்டு அதன் ஆவியைக் கண்டறியப் பார்க்கிறார். இரண்டும் தனித்தனித் துறைகளாக வளர்ந்துவிட்டன. அவை ஒரே பரப்பு வேதியியலின் இரு திசைகள் என்பதும், அவற்றை ஒரே மேசையில் வைத்து அளக்கவேண்டும் என்பதும் என் வாதம்.

ஆக்கும் பக்கம் 1972-இல் தொடங்கியது. டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளி பாய்ச்சி நீரைப் பிளக்கலாம் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அறிவித்தனர். 1979-இல் இனோவே அவர்களோடு சேர்ந்து, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற குறைகடத்தித் தூள்கள் ஒளியில் ஒடுக்குவதைக் காட்டினார். அவர்கள் முன்வைத்த வழி ஒரு படிக்கட்டு: கார்பன் டை ஆக்சைடு முதலில் ஃபார்மிக் அமிலம், பிறகு ஃபார்மால்டிஹைடு, அதன்பின் மெத்தனால். ஒவ்வொரு படிக்கும் இரண்டு எலக்ட்ரான். மெத்தனாலை அடைய மொத்தம் ஆறு.

முகரும் பக்கம் அதற்கும் மூத்தது. 1962-இல் செய்யாமா துத்தநாக ஆக்சைடு மென்படலத்தை வாயு உணரியாக்கினார். சூடான ஆக்சைடின் பரப்பில் ஒட்டும் ஆக்சிஜன், படலத்தின் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மெத்தனால் ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு என்று இறங்கும்போது எலக்ட்ரான்கள் படலத்துக்குத் திரும்புகின்றன, மின்தடை குறைகிறது. இனோவே ஏறிய அதே படிகளில் உணரி இறங்குகிறது. குடித்தவரின் கல்லீரலும் அதே வழியில்தான் இறங்குகிறது. ஆனால் ஃபார்மிக் அமிலத்தை வெளியேற்றும் வேகம் மனித உடலில் குறைவு. அது தேங்கி நிற்கும் அந்தப் படியில்தான் பார்வை நரம்பு அழிகிறது. ஒரு வினைவழியின் ஒரே ஒரு படி மெதுவாக நடப்பது எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்பதை விழுப்புரம் மாவட்டத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரு துறைகளும் தடுக்கி விழும் இடமும் ஒன்றே: தேர்வுத்திறன். ஆறு எலக்ட்ரான்களில் இரண்டோடு வினை நின்றால் ஃபார்மிக் அமிலமோ கார்பன் மோனாக்சைடோ கிடைக்கும்; மெத்தனால் கிடைக்காது. உணரியின் சிக்கல் இன்னும் கடுமையானது. எத்தனால் முழுதாக எரிய, மெத்தனாலைவிட இருமடங்கு ஆக்சிஜன் வேண்டும். சாராயத்தில் எத்தனாலே மிகுதி. ஆகவே நச்சின் சமிக்ஞை அதற்குள் மூழ்கிப்போகிறது. உணர்திறன் உயர்ந்தது என்று மட்டும் சொல்லும் ஆய்வு எக்கியார்குப்பத்துக்கு உதவாது.

2019-இல் சூரிச் ஈ.டி.எச். குழு இதைப் பொருளை மாற்றாமல் தீர்த்தது. பல்லேடியம் கலந்த வெள்ளீய ஆக்சைடு உணரிக்கு முன்னால் பலபடி மணிகள் நிரப்பிய சிறு குழாயை வைத்தார்கள். மெத்தனால் முதலில் வெளியேற, எத்தனால் பின்தங்கியது. 62,000 பிபிஎம் எத்தனாலுக்கு நடுவிலும் மெத்தனாலை இரண்டு நிமிடத்தில் அளக்க முடிந்தது. கையடக்கக் கருவி. சிற்றூர் மருத்துவமனை மேசைக்கு இதுவே பொருத்தம் என்று கருதுகிறேன். ஆனாலும் பிரிப்பது குழாய்தான். பரப்புக்கு இன்னும் பிரித்தறியத் தெரியவில்லை.

பரப்பையே தேர்வாளியாக்க முடியுமா? ஆர்லிங்டன் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணன் ராஜேஷ்வர் குழு 2013-இல் செம்பு ஆக்சைடு நுண்தண்டுகளில் கார்பன் டை ஆக்சைடை ஏறத்தாழ 95 விழுக்காடு மின்னோட்டத் திறனில் மெத்தனாலாக்கியது. செம்பு ஆக்சைடு நன்கறிந்த ஆவி உணரியும்கூட. மெத்தனால் ஒரு ஹைட்ரஜன் குறைந்த நிலையில் ஒட்டும் மெத்தாக்சித் தொகுதி பரப்பில் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே ஆக்கும்போதும் முகரும்போதும் முதன்மைக் கேள்வி.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. உணரி 200 பாகைக்கு மேல் காற்றில் இயங்குகிறது. ஒளிமின்வாய் அறை வெப்பத்தில், நீருக்குள். ஏறிய வழியிலேயே இறங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஏற்கிறேன். அதனால்தான் ஒரே படலத்தை இரு நிலையிலும் அகச்சிவப்பு நிறமாலையில் பார்க்கவேண்டும் என்கிறேன். கார்பன்-13 கொண்டு அடையாளமிடுவதும் கட்டாயம். ஒளிவினையில் தோன்றிய மெத்தனால் பரப்பில் முன்பே ஒட்டியிருந்த கரிம அழுக்கிலிருந்து வந்திருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் தேசிய வினையூக்க ஆய்வு மையம் முதல் பாதியையும், தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்தின் துத்தநாக ஆக்சைடு உணரி ஆய்வுகள் மறுபாதியையும் அறிந்தவை. படலத்தைப் பரிமாறிக்கொண்டால் போதும்.

அளவீட்டை உலர்ந்த காற்றில் மட்டும் முடித்துவிடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரக்காற்றிலும் செய்யவேண்டும். ஒளிமின்வாய்க்கு நீர் ஹைட்ரஜன் தரும் மூலப்பொருள். உணரிக்கோ, மெத்தனால் உட்காரவேண்டிய இடத்தை முன்பே பிடித்துக்கொள்ளும் போட்டியாளர்.